"ஆக்கள் பேசுறாங்க சேர்"



பதிவு கொஞ்சம் நீளம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நேரம் கிடைத்தால் ஆறுதலாக வாசியுங்கள்.

நமது பாடசாலையின் 19 வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணியில் லெக் ஸ்பின் போடும் பிள்ளையைப் பற்றியது இது. பெயர் எழுதவில்லை. எழுதாமலே ஊருக்குத் தெரியும். இரண்டு கிழமையாக அவனைப் பற்றிப் பேசாத இடம் ஊரில் இல்லை. இதில் 'நாங்கள்' என்று வருகிறவர்கள் மைதானத்து வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்காருகிற ஆறு பேர். மூன்று பேர் ஆசிரியர்கள், மற்ற மூவர் பழைய மாணவர்கள். எழுதுவது ஒரு கை என்றாலும் சொல்வது ஆறு பேரும்தான். வாசித்துப் பார்த்துவிட்டு "போடுங்க சேர்" என்று எல்லோரும் சொன்ன பிறகே போடுகிறோம்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நாம் முதலில் ஆடி 188 ஓட்டங்கள். எதிரணி 34 ஓவரில் 6 விக்கெட் இழந்து 121. ஆட்டம் நம்முடைய கையில். அதுவரை இந்தப் பிள்ளை 4 ஓவர் போட்டு 19 ஓட்டத்துக்கு 2 விக்கெட் எடுத்திருந்தான். தலைவர் மறுபடியும் அவனிடம் பந்தைக் கொடுத்தார். ஐந்தாவது ஓவரில் 20 ஓட்டம். ஒன்று விட்டு அடுத்த ஓவரில் 22. இரண்டு புல்டொஸ், மூன்று குறுகிய பந்து, ஒரு வைட். பந்து ஒருமுறை மதிலுக்கு அப்பால் யாருடையதோ கூரையில் விழுந்து, அதை எடுக்க ஐந்து நிமிடம் போனது. அந்த ஐந்து நிமிடமும் அவன் பிட்ச்சின் நடுவில் தனியாக நின்றான். இரண்டு விக்கெட்டால் தோற்றோம்.

முதல் நாலு ஓவரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நாங்களும்தான்.

அன்று இரவே பேச்சுத் தொடங்கிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் ஒரு கட்சி: "அவன் காத்துல போடுறதை விடணும். வேகமா, தட்டையாப் போட்டா யாரும் தூக்க ஏலாது." ரஷீத் கானைப் பார்த்து வளர்ந்த தம்பிமார் இந்தக் கட்சி. இன்னொரு கட்சி, அவனை உட்கார வைத்துவிட்டு ஓஃப் ஸ்பின் போடும் மற்றப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்றது. அவன் 16 வயது, ஓவருக்கு மூன்று நாலுக்கு மேல் கொடுக்க மாட்டான். மூன்றாவது கட்சி, இந்த வருடம் ஏ.எல். எடுக்கிறவனுக்குப் பந்து எதற்கு என்றது. எங்கள் கணக்கு ஆசிரியர் ஓய்வறையில் கொப்பியை விரித்து அவனுடைய ஓவர் சராசரியைக் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கில் பிழை இல்லை. அதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் புறம் பேசுவதைப் பற்றித்தான் குத்பா. உருக்கமாகக் கேட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பைத் தேடும்போதே அவனுடைய ஐந்தாவது ஓவரைத் தொடங்கிவிட்டோம்.

எங்களில் மூத்த காக்கா ஒருவர் மட்டும் வேறு கதை சொன்னார். எந்தப் பேச்சையும் அப்துல் காதிரில் கொண்டுபோய் முடிக்கிறவர். 1987இல் லாகூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 56 ஓட்டங்களுக்கு 9 விக்கெட். இதை நாங்கள் ஐம்பது தடவையாவது கேட்டிருப்போம். ஆனால் இந்த முறை அதை முடித்துவிட்டு வழக்கத்துக்கு மாறாக ஷேன் வோர்னுக்குப் போனார்.

வோர்னின் முதல் டெஸ்ட் 1992 ஜனவரியில், சிட்னியில், இந்தியாவுக்கு எதிராக. 45 ஓவர் போட்டு 150 ஓட்டம் கொடுத்து ஒரே ஒரு விக்கெட். அதுவும் 206 அடித்துவிட்டுப் போன ரவி சாஸ்திரியின் விக்கெட். அடுத்த டெஸ்டில் விக்கெட்டே இல்லை. அதே வருடம் ஓகஸ்டில் அவுஸ்திரேலிய அணி நம் நாட்டுக்கு வந்தது. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கை முதல் இன்னிங்ஸில் 8 விக்கெட்டுக்கு 547 அடித்து நிறுத்தியது. வோர்னுக்கு 107 ஓட்டம், விக்கெட் இல்லை. இரண்டாம் இன்னிங்ஸ் தொடங்கும்போது அவருடைய டெஸ்ட் கணக்கு 335 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட்.

இலங்கை வெல்ல 181 வேண்டும். 2 விக்கெட்டுக்கு 127 வரைக்கும் வந்துவிட்டோம். பிறகு நடந்ததைச் சொல்லும்போது காக்காவின் குரலில் இப்போதும் கசப்பு இருக்கிறது. விக்கெட்டுகள் சரிந்தன. வெற்றி எட்டும் தூரத்தில் இருந்தபோது அலன் போடர், டெஸ்டில் அதுவரை ஒரே ஒரு விக்கெட் எடுத்திருந்த அந்தப் பொடியனிடம் பந்தைக் கொடுத்தார். வோர்ன் கடைசி மூன்று விக்கெட்டுகளையும் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எடுத்தார். 164க்கு நாம் எல்லோரும் அவுட். 16 ஓட்டத்தால் தோல்வி.

"வோர்னை ஆக்கினது நம்மட எஸ்.எஸ்.சி. கிரவுண்டுதான்" என்றார் காக்கா. "போடர் அன்டைக்கு நம்மள மாதிரி வேப்ப மரத்துக்குக் கீழ இருந்திருந்தா, அந்த ஓவர் குடுத்திருப்பாரா?"

யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கு ஆசிரியர் மட்டும், "அது வோர்ன், காக்கா. இவன் நம்மட பொடியன்" என்றார். நியாயமான பேச்சுத்தான். 1992 ஜூலையில் கேட்டிருந்தால் அவருடைய கொப்பி வோர்னைப் பற்றியும் அதையேதான் சொல்லியிருக்கும் என்பது பிறகு வீட்டுக்குப் போகும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

லெக் ஸ்பின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு சொட்டு. மற்றப் பந்துகளை விரலாலும் தோளாலும் போடலாம். இதை மணிக்கட்டைத் திருப்பிப் போட வேண்டும். பந்து மோதிர விரலில் உரசிக்கொண்டு கையை விட்டுப் போகிறது. மணிக்கட்டு ஒரு துளி முந்தித் திறந்தால் புல்டொஸ், ஒரு துளி பிந்தினால் பந்து கால் மாட்டில் குத்தும். இதில் கூக்ளி என்று எதிர்ப்பக்கம் திரும்புவதொன்று வேறு. அதைப் பழகுகிற காலத்தில் பலருக்கு வழமையான பந்தே கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் ஓர் அணிக்குள் நாலு வேகப்பந்து வீச்சாளர் இருந்தாலும் லெக் ஸ்பின் போடுகிறவன் ஒருவன் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அவன் பழகும் செலவை அணிதான் கட்ட வேண்டும். வலைப்பயிற்சியில் ஆயிரம் பந்து போட்டாலும், அடிக்க வேண்டும் என்ற வெறியோடு ஒருவன் எதிரே நிற்கும்போது போடும் ஆறு பந்துதான் படிப்பு. அந்த ஆறு பந்தில் 22 போகத்தான் செய்யும்.

வனிந்து ஹசரங்க 2017இல் காலியில் சிம்பாப்வேக்கு எதிரான தன்னுடைய முதல் ஒருநாள் போட்டியிலேயே ஹெட்ரிக் எடுத்தவர். 19 வயது. அதற்குப் பிறகும் அணிக்குள் நிரந்தரமாக நிற்க அவருக்குக் காலம் எடுத்தது. 2021 டி20 உலகக் கிண்ணத்தில் 16 விக்கெட்டுடன் எல்லோருக்கும் மேலே நின்றபோது நாடே தூக்கி வைத்துக் கொண்டாடியது. நடுவில் இருந்த வருடங்களை யார் கணக்கில் வைத்திருக்கிறோம்? யாழ். மத்திய கல்லூரியில் இருந்து வந்த வியாஸ்காந்தும் லெக் ஸ்பின்தான். 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் அவருடைய முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். 2024இல் ஐ.பி.எல். வரைக்கும் போனார். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் நம்முடைய பிள்ளை எட்டாம் வகுப்பில் மணிக்கட்டைத் திருப்பத் தொடங்கினான். தமிழ் பேசுகிற ஒருவர் அங்கே போகலாம் என்று அவனுக்குக் காட்டியது அதுதான்.

சரி, கதைக்கு வருவோம். திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தான். பந்தை வாங்கினான். ஓடி வந்து போட்டான். தட்டையாக, வேகமாக, நேராக. திருப்பமே இல்லை. முப்பது பந்து அப்படியே. நமது கோச் முச்சக்கர வண்டி ஓட்டி வயிறு கழுவுகிறவர், பிள்ளைகளுக்குப் பழக்க ஒரு சதம் வாங்காதவர். பக்கத்தில் போய், "எங்கடா உன்ட லெக் பிரேக்?" என்று கேட்டார்.

"காத்துல போட்டா ஆக்கள் பேசுறாங்க சேர்."

கோச் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாங்கள் வேப்பம்பூவைப் பார்த்தோம்.

அன்று இஷாவுக்குப் பிறகு எங்களில் ஒருவருக்குக் கட்டாரில் இருந்து அழைப்பு. அவனுடைய வாப்பா. தோஹாவில் வாகனம் ஓட்டுகிறார், ஊருக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல். அன்றைய மெட்ச்சை ஒரு தம்பி போனில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார் அல்லவா? நிழல் வேண்டும் என்று அந்தத் தம்பி நின்றது எங்கள் கதிரைகளுக்குப் பின்னால். எங்கள் சத்தம் முழுவதும் அதில் விழுந்திருக்கிறது.

வாப்பா சலாம் சொன்னார், சுகம் விசாரித்தார், வீட்டாரை விசாரித்தார். பிறகுதான் சொன்னார்: "சேர், நான் வேலைக்கு இடையில வண்டிய ஒரு ஓரமா நிப்பாட்டிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மகன் தெரியிறது கொஞ்சம் சின்னனாத்தான். உங்கட சத்தம் நல்லாக் கேட்டிச்சு."

நாங்கள் அன்று சொன்னவற்றை இங்கே எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. ஒருவர், "இவன வெச்சு இனி வேலையில்ல" என்றார். இன்னொருவர், "முடிஞ்சான்" என்றார். மூன்றாமவர் சொன்னது பகிடி, எல்லோரும் சிரித்தோம். சிரிப்புத்தான் அதிகமாகக் கேட்டிருக்கிறது.

"நீங்க சொன்னதுல பிழையில்ல சேர்" என்றார் வாப்பா. "அவன் நல்லாப் போடல்ல. நானும் பார்த்தேன்தானே. ஆனா அந்த வீடியோவ அவனும் பார்த்திட்டான். அதுதான் சொல்லுவோமெண்டு எடுத்தேன்."

கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

17 வயதுப் பிள்ளை முடிந்துவிட்டான் என்று சொன்ன வாய்தான் வகுப்பறையில் வேறு விதமாகப் பேசுகிறது. பின்னத்தைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ஒரு தவணை, இரண்டு தவணை, மூன்று தவணை என்று பொறுக்கிறோம். மாணவர் தேர்ச்சி அறிக்கையில் 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதுகிறோம். 'முடிந்தான்' என்று எழுதியதில்லை. எழுதினால் அதிபர் கூப்பிட்டுக் கேட்பார், பெற்றோர் வாசலில் நிற்பார்கள். மைதானத்தில் கதிரையைப் போட்டதும் நாங்கள் ஆசிரியர்கள் என்பதே மறந்துபோகிறது. ரசிகர்கள் ஆகிவிடுகிறோம். தோற்றால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கு ஒரு பிள்ளை தேவைப்படுகிறது.

அடுத்த நாள் எங்களில் இருவரும் கோச்சுமாக அவனுடைய வீட்டுக்குப் போனோம். உம்மா தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். அவன் பின் வளவில் இருந்தான், உடனே வரவில்லை. உம்மாவுக்கு எங்கள் சங்கதி தெரியுமா தெரியாதா என்று விளங்கவில்லை. எதையோ பேச வேண்டும் என்பதற்காக, "மகன் நல்லா வளர்ந்திட்டார்" என்றோம்.

"அதையேன் கேக்குறீங்க சேர்" என்றார் உம்மா. "இந்த ஒரு வருஷத்துக்குள்ள அந்த வெள்ளக் களிசானுக்கு மூணு தரம் மடிப்ப அவிழ்த்துட்டேன். இனி அவிழ்க்க மடிப்பே இல்ல."

கோச் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். போன ஜனவரியில் அவன் எவ்வளவு உயரம் என்று கேட்டார். உம்மா கதவு நிலையைக் காட்டினார். தம்பி தங்கைகளோடு சேர்த்துப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோச் விரலால் அளந்தார். நாலு அங்குலத்துக்கு மேல்.

வெளியே வந்து அவர் விளக்கிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கை முன்பைவிட உயரத்தில் இருந்து பந்தை விடுகிறது. காலடி நீண்டிருக்கிறது. உடம்பு புதிது, மணிக்கட்டுக்குப் பழகியது பழைய உடம்பு. முன்பு விட்ட அதே கணத்தில் விட்டால் பந்து வேறு இடத்தில் விழும். ஓடிவரும் தூரத்தையும் விடும் இடத்தையும் திரும்பவும் முதலில் இருந்து பழக வேண்டும். மாதக்கணக்கு எடுக்கும், அதுவும் எலும்பு வளர்வது நின்ற பிறகு. "நான் கண்டிருக்கணும் சேர். ஒவ்வொரு நாளும் பார்க்கிற பிள்ள, அதால தெரியல்ல" என்றார். களைப்பு, ஏ.எல். பாரம், தலைவர் எந்த நேரத்தில் பந்தைக் கொடுத்தார் என்பதெல்லாமும் சேர்ந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் உயரம்தான் காரணம் என்று கோச்சும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கிழமையாக ஊர் முழுக்கப் பேசிய பேச்சில் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. பென்சில் கோடு மட்டும் அந்த வீட்டுக் கதவு நிலையில் இருந்திருக்கிறது.

அவன் வந்தான். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எங்களுக்குப் பழக்கமில்லை, வார்த்தை தடுக்கியது. அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதெல்லாம் வேணாம் சேர். அடுத்த மெட்ச்சில எனக்கு எத்தின ஓவர் தருவீங்க?"

உண்மையைச் சொன்னால் எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஓவர் கொடுப்பது நாங்களில்லை, தலைவரும் கோச்சும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த 16 வயது ஓஃப் ஸ்பின் பிள்ளையும் நம்முடைய பிள்ளைதான். அவனும் வெயிலில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய மாமா எங்கள் ஆறு பேரில் ஒருவர். அவர் வாய் திறந்து கேட்டதில்லை, ஆனால் நாங்கள் அவரை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஒருவனைப் பழக விடுவது என்றால் மற்றவனைக் காத்திருக்கச் சொல்வது. அதற்கு நாங்கள் இனிப்பான ஒரு பதில் கண்டுபிடிக்கவில்லை.

கோச்தான் சொன்னார்: "அஞ்சு தருவேன். எல்லாத்துக்கும் சிக்ஸ் போனாலும் அஞ்சு. ஆனா லெக் பிரேக் போடணும். தட்டையாப் போட்டியெண்டா ஒண்டோட எடுத்துடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. "சரி சேர்" என்றான். பிறகு, போகும்போது எங்களுக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ, "அஞ்சு காணாது" என்று முணுமுணுத்தான்.

அடுத்த போட்டி இந்தச் சனிக்கிழமை, காலை எட்டரைக்கு, நம்முடைய மைதானத்தில். மெட்டிங் விரிக்க ஏழு மணிக்கு நாலைந்து பேர் தேவை. பழைய ஆணிகளில் பாதி வளைந்திருக்கிறது, சுத்தியல் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். தோஹாவில் ஒருவர் அன்றைக்கு லீவு கேட்டிருக்கிறார், கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. எதற்கும் போன் பிடிக்கும் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறோம், இந்த முறை எதிர்ப் பக்கம், ஸ்கோர்போர்ட்டுக்குக் கிட்ட நிற்கச் சொல்லி. அங்கே நிழல் இல்லை. குடை ஒன்று எங்களிடம் இருக்கிறது, கொடுத்துவிடுவோம்.